மொடக்குறிச்சியில் நின்ற 1,033 பேர்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில் பேசியபோது, வாக்காளர் அட்டை கைக்கு வந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! "உன் தொகுதியில யார் யார் நிக்கறாங்க?" என்று கேட்டேன். இரண்டு கட்சிகளின் பெயரைச் சொன்னாய். ஆட்களின் பெயரைக் கேட்டதும், "அது தெரியாது அத்தை, சின்னத்தைப் பார்த்துப் போட்டுக்கலாம்" என்றாய். அந்தப் பதில் மனதிலேயே நின்றுவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி வேலைக்குப் போய்வந்த வாத்தியாரம்மா நான். என் வீட்டுப் பிள்ளையே இப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம்.

வேட்பு என்றால் விருப்பம். ஊருக்கு உழைக்க விரும்புகிறேன், என்னை அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்பவர் வேட்பாளர். அவர் கொடுக்கும் தாளுக்கு வேட்புமனு என்று பெயர். மனு என்ற சொல்லைக் கவனி. பதவிக்கு வந்த பிறகு நாம்தான் அவரிடம் மனுவோடு போய் நிற்கிறோம். அதற்கு முன்னால், ஒரே ஒரு முறை, அவர் நம்மிடம் மனுப் போடுகிறார். அதைப் படிக்காமல் ஓட்டுப் போடலாமா?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 234 தொகுதிகள். அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கு. ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கு. ஓட்டுப் போட 18 வயது போதும், நிற்க 25 ஆக வேண்டும். மாநிலத்தின் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர் அந்தத் தொகுதிக்காரராகத்தான் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். கட்டுத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் தோற்றால் அந்தப் பணம் திரும்பாது. 1,80,000 ஓட்டுகள் விழுந்த தொகுதியில் 30,000-ஐத் தாண்டினால்தான் தப்பலாம். நம் ஊரில் "டெபாசிட் காலி" என்பது இதைத்தான்.

இந்தப் பத்துக் கையெழுத்துக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கும் பின்னால் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1996-இல் நடந்தது.

அப்போது சட்டமன்றத்துக்குக் கட்டுத்தொகை வெறும் 250 ரூபாய். தங்கள் குறைகளை அரசு காதில் வாங்கவில்லை என்று மனம் நொந்த விவசாயிகள், மொடக்குறிச்சித் தொகுதியில் கூட்டம் கூட்டமாக வேட்புமனுப் போட்டார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். அத்தனை பெயரையும் ஒரு தாளில் அச்சடிக்க முடியுமா? வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. அவர்களில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒருவர். மனுவை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். "ஜெயிக்கறதுக்கு நிக்கலீங்க டீச்சர். நாங்க இருக்கறோம்னு அவங்களுக்குத் தெரியோணும்" என்றார். தந்தை பெயர், வயது, வாக்காளர் பட்டியல் வரிசை எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அவர் விரல் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளாத ஒருவர் எதற்காக நின்றிருப்பார்? தாலுகா அலுவலகத்தில் கொடுத்த மனு குப்பைக்குப் போகும், தேர்தல் அலுவலரிடம் கொடுத்த மனுவை யாரும் குப்பையில் போட முடியாது என்று அந்த விவசாயிகள் கண்டுகொண்டார்கள். அதே ஆண்டு அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். அங்கே குடிதண்ணீரில் ஃபுளோரைடு. எலும்பு வளைந்து ஊனமாகிப்போன மக்களின் கூக்குரல் அது.

அதன்பின் சட்டம் மாறியது. கட்டுத்தொகை 250-லிருந்து 5,000 ஆனது. 2009 திருத்தத்தில் 10,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவோர் என்பதும் 1996-இல் வந்ததுதான். ஆயிரம் பெயரோடு தேர்தல் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்; அந்த அளவில் திருத்தம் நியாயம்தான். ஆனாலும் வேட்பாளர் கூட்டத்துக்குத்தான் வழி கண்டார்களே தவிர, அந்தக் கூட்டத்தைக் கூட்டிய குறையைப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

உண்மையில் இன்று சாமானியரைத் தடுப்பது கட்டுத்தொகை அன்று. ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022 முதல் உச்சவரம்பு. உச்சவரம்பே 40 லட்சம் என்றால் கூலிக்காரர் வீட்டுப் பெண் எங்கே நிற்பது? அதற்கு மேல் கட்சிகள் தம் கணக்கில் செய்யும் பொதுப் பிரச்சாரச் செலவு தனி. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது அதைவிடக் கேவலம். பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் ரத்தாயின. நம் மாநிலத்துக்கு வந்த அவமானம் இது. 2021-இல் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். பணமும் கட்சிச் சீட்டும் யார் கையில் இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? 2002-இல் உச்ச நீதிமன்றம் நமக்கு ஓர் உரிமையைத் தந்தது. ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், படிப்பு, தன் மேல் உள்ள குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அந்தப் பிரமாணப் பத்திரத்துக்குப் படிவம் 26 என்று பெயர். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அதைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் வழக்குகளைப் பார். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் பொதுவாக நிற்க முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தால் நிற்கலாம். அவர் தகுதியை எடைபோடும் வேலையைச் சட்டம் உன்னிடம் விட்டிருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதே, சட்டப் பிரிவைப் பார். தண்ணீர் கேட்டு மறியல் செய்த வழக்கும் இருக்கும், நிலத்தை ஏமாற்றிப் பிடுங்கிய வழக்கும் இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடாதே. அடுத்து சொத்து. சென்ற தேர்தலிலும் நின்றவர் என்றால் அந்தப் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். ஐந்து வருஷத்தில் சொத்து எவ்வளவு வளர்ந்தது, அவர் காட்டும் வருமானத்துக்கு அது பொருந்துகிறதா என்று கூட்டிக் கழித்துப் பார். பிறகு கடனும், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும். பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

இன்னொன்று. வாக்குச்சாவடியில் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே, அதே தலைப்பெழுத்தோடு ஆட்களை நிறுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2024-இல் ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். இயந்திரத்தில் பெயர், படம், சின்னம் மூன்றும் இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்து. சுயேச்சைக்குப் போட்டால் வீண் என்றும் நினைக்காதே. ரத்தான ஆர்.கே. நகர் தேர்தல் 2017 டிசம்பரில் மறுபடி நடந்தபோது 59 பேர் நின்றார்கள். பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை டி.டி.வி. தினகரன்தான் வென்றார். அவருக்குப் பின்னால் அரசியல் பலம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரிய பெயர் என்பதற்காக யாரும் தோற்காமல் இருந்ததும் இல்லை. 1967-இல் விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஒரு ஓட்டும் சின்னதில்லை: 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137. உங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பும் பக்கத்து வகுப்பும் சேர்ந்தால் அவ்வளவு பேர் இருப்பீர்கள். 1,033 பேருக்கு நடுவே வென்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், அதே மொடக்குறிச்சியில் 2021-இல் 281 ஓட்டில் தோற்றார்.

அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போது இல்லை. அவர் மனுவின் நகல் என் பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஊருக்கு வந்தால் காட்டுகிறேன். வருவதற்குள் உன் தொகுதியில் நிற்பவர்களில் மூன்று பேருடைய பிரமாணப் பத்திரத்தையாவது முழுசாகப் படித்துவிட்டு வா கண்ணு. யாருக்குப் போடப்போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அத்தை