மாதிரி நீதிமன்றம்

சட்ட மாணவர்களின் வாதத்திறனை வளர்க்க மாதிரி நீதிமன்றப் போட்டிகள் நடத்தப்பெறுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது, 1960ஆம் ஆண்டு தொடங்கிய ஜெசப் பன்னாட்டுச் சட்டப் போட்டியாகும். இரு கற்பனை நாடுகள் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்காடுவதாகக் கொண்டு இது நிகழும். ஒவ்வோர் அணியும் இரு தரப்பிற்கும் வாதுரை எழுதுதல் வேண்டும். ஒரு சுற்றில் தாம் எழுப்பிய வாதத்தை மறுசுற்றில் தாமே மறுக்க நேரிடும். நடுவர்கள் இடைமறித்து வினவுவர். மனப்பாடம் அங்கு உதவாது. 1999, 2013 ஆகிய ஆண்டுகளில் பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி வாகை சூடியது. எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடைபோடக் கற்பதே இப்பயிற்சியின் உயரிய பயன்.

சொற்பொருள்: வாதுரை – எழுத்து வடிவிலான வாதம், வாகை – வெற்றி.

வினாக்கள்
1. மனப்பாடம் ஏன் உதவாது?
2. இரு தரப்பிற்கும் வாதிடுவதால் விளையும் நன்மை யாது?