அப்பா சொன்ன பாடம்

பொன்முடி மலையை விட்டு இறங்கினால் திருவனந்தபுரம். அங்கே கடற்கரையில் தும்பா இருக்கிறது. 1963-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்த வேலையில் அப்துல் கலாமும் இருந்தார்.

கலாமின் ஊர் ராமேஸ்வரம். அப்பா ஜைனுலாப்தீன் அதிகம் படிக்காதவர். ஆனாலும் ஊரார் மதித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆனார்.

ஒரு நாள் அவர் வீட்டில் இல்லை. ஒருவர் வந்து பரிசுப் பொருள் கொடுத்தார். சிறுவன் கலாம் வாங்கி வைத்தார். அப்பா வந்தார். பார்த்தார். கோபத்தில் மகனை அடித்துவிட்டார். பிறகு அன்பாக எடுத்துச் சொன்னார். பதவியில் இருப்பவர் பரிசு வாங்கக் கூடாது என்றார்.

2002-இல் கலாம் குடியரசுத் தலைவர் ஆனார். அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. பலரிடம் சொன்னார்.

நாம் பிள்ளைகளை அடிக்க வேண்டாம். அன்பாகச் சொல்வோம்.

எழுதுங்கள்: அப்பாவோ, அப்பா போன்ற பெரியவரோ உங்களுக்குச் சொன்ன நல்ல வார்த்தை எது?