கிச்சன் கப்போர்டு: கதவைப் பார்த்து மயங்காதே!

போன்ல படத்தைக் காட்டி, "அக்கா, எனக்கு இதே மாதிரி வேணும்"னு வந்து நிக்காதே. அந்தப் படத்துல இருக்கிற அடுப்புல யாரும் அப்பளம் பொரிச்சிருக்க மாட்டாங்க, மீன் குழம்பு கொதிச்சிருக்காது. உன் வீட்டுல தினமும் தாளிக்கணும். ஆபீஸ் கிளம்புற அவசரம்னு தெரியும், அதனால சுருக்கமாவே சொல்றேன்.

1. ஆசாரியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி டேப்பை எடு. இட்லிப் பானை, பெரிய குக்கர், அரிசி டிரம், கிரைண்டர் எல்லாத்தோட உயரத்தையும் அகலத்தையும் எழுதி வை. மேல் கப்போர்டு ஆழம் பெரும்பாலும் 12 அங்குலம்தான். அதுல இட்லிப் பானையைத் திணிச்சா கதவு மூடாது. கிரைண்டரை உள்ளே ஒளிச்சு வைக்கிற ஆசையே வேண்டாம். தினமும் அதைத் தூக்கி மேடையில வைக்கப்போறது நீதான், டிசைனர் இல்ல. மேடையோட மூலையில பிளக் பாயின்ட்டோட ஓர் இடம் ஒதுக்கு.

2. காசை உள் பெட்டியில போடு. கதவு அலுத்துப்போனா பின்னாடி மாத்திக்கலாம். பெட்டி ஊறிப்போச்சுன்னா மொத்தத்தையும் பிரிக்கணும். பார்ட்டிகிள் போர்டு மலிவுதான். ஆனா ஓரத்துல தண்ணி இறங்கினா உப்பிடும், கீலோட ஸ்க்ரூ பிடிமானம் போய் கதவு தொங்கும். எம்.டி.எஃப்-பும் தண்ணிக்கு ஆகாது. ஈரம் படுற இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் கேளு. மத்த இடத்துக்கு ஐ.எஸ். 303-ல பி.டபிள்யூ.ஆர். ரகம் போதும். அறுக்கிறதுக்கு முன்னாடியே போய் முத்திரையைப் பார்த்துடு. லேமினேட் ஒட்டிட்டா உள்ளே என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

3. கையில காசு கம்மியா? அப்போ கடப்பாக் கல்லை இடிக்காதே! நம்ம ஊர் வீடுகள்ல மேடைக்குக் கீழே கடப்பாத் தடுப்பு ஏற்கெனவே இருக்கும். "பழைய மாடல், எடுத்துடலாம் மேடம்"னு யாராவது சொன்னா தலையாட்டிடாதே. அந்தக் கல்லைக் கரையான் தொடாது, தண்ணி ஊறாது. சட்டம் அடிச்சு கதவு மட்டும் போட்டா பெட்டிச் செலவே மிச்சம். டிராயர் வேணும்னா மட்டும் கொஞ்சம் வேலை இருக்கு. கல்லுல நேரா சேனல் மாட்ட வராது. பக்கவாட்டுல ப்ளைவுட் பட்டையைப் பொருத்தி, அதுல மாட்டச் சொல்லு. எல்லா அறைக்கும் டிராயர் எதுக்கு? அடுப்புக்குப் பக்கத்துல ரெண்டு, மூணு போதும். செலவை ஏத்துறதே அதுதான்.

4. சிங்க் அடியில மட்டும் மரமே வேண்டாம். அலுமினியமோ பி.வி.சி-யோ போடு. ஆனா பி.வி.சி-யை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, சூட்டுல நெளியும். பின்பக்கம் பைப்பை மறைச்சு அடைச்சுடாம, பிளம்பர் கை போற மாதிரி விடு.

5. பளபளா அக்ரிலிக்ல கைரேகை, போர் தண்ணி உப்புப் புள்ளி ரெண்டும் பளிச்சுனு தெரியும். கோடு கோடா செதுக்கின கதவுல எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உட்கார்ந்துக்கும். ஞாயித்துக்கிழமை பிரஷ்ஷும் கையுமா உட்காரணுமா? வேலைக்குப் போறவளுக்கு வழவழப்பான மேட் லேமினேட்தான் சரி. வெள்ளைதான் வேணும்னு அடம்பிடிச்சா மேல் கப்போர்டோட நிறுத்திக்கோ. கீழே மஞ்சள் கை படும்.

6. கேஸ் சிலிண்டரை மூடின கப்போர்டுக்குள்ள அடைக்காதே. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கும். கதவு போட்டே ஆகணும்னா, அதோட அடிப்பக்கம் காத்துத் துவாரம் கண்டிப்பா இருக்கணும். அழகு கெடும்னா கெடட்டும்.

7. மேடை உயரத்தை அடுத்த வீட்டைப் பார்த்து வைக்காதே. முழங்கையை மடக்கி நில்லு, அதுக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தா தோள் வலிக்காது.

8. வாடகை வீடா? ஆணியே அடிக்காதே. நல்ல ஸ்டீல் ரேக் ஒண்ணு, சக்கரம் வெச்ச டிராலி ஒண்ணு. கிளம்பும்போது கூடவே வரும்.

9. கொட்டேஷன் விஷயத்துல வெட்கப்படாம கேளு. சதுர அடி கணக்கு முகப்புக்கா, உள்ளே இருக்கிற பலகைக்கும் சேர்த்தா? கீல், கூடை, கைப்பிடி, பரண் கதவு, ஜி.எஸ்.டி எல்லாம் இதுக்குள்ள வருதா? ரெண்டு பேர்கிட்ட விலை கேட்டா ரெண்டுமே ஒரே கணக்குல இருக்கணும். இல்லைன்னா மலிவா தெரியறதுதான் கடைசியில கையைக் கடிக்கும். கடைசித் தவணையை, டிராயர்ல பாத்திரத்தை நிரப்பி இழுத்துப் பார்த்த பிறகுதான் குடு. காலி டிராயர் யார் வீட்டுலயும் வழுக்கிட்டுத்தான் வரும்.