திருமலைச் சுவரில் சமவசரணம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ள திருமலைக்கு நம் இல்லத்தார் யாத்திரை சென்று வருவது புதிதன்று. 16 அடிக்கு மேல் உயர்ந்து நின்ற கோலத்தில் விளங்கும் ஸ்ரீ நேமிநாத பகவானை வணங்குகிறோம். இராசராச சோழனின் தமக்கையார் பெயரால் வழங்கும் குந்தவை ஜினாலயத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆயினும், பாறையை ஒட்டி அமைந்த குகையறைகளில் உள்ள வண்ண ஓவியங்களின் முன்னே நாம் நிற்கும் நேரம் மிகச் சிறிது. அவற்றைப் படித்தறியும் பழக்கம் நம்மிடையே அருகி வருவதே இதற்குக் காரணம். அப்பழக்கத்தை மீண்டும் கைக்கொள்ள இக்கட்டுரை ஓரளவேனும் துணை செய்யும் என நம்புகிறோம்.

வட்டத்தினுள் ஓர் அவை

அவ்வோவியங்களுள் சிறப்புடையது, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்ட ஒரு பெரிய வட்டம். அறியாதார் அதனைச் சக்கரம் என்றோ கோலம் என்றோ எண்ணிக் கடந்து செல்வர். அது சமவசரணம். கேவலஞானம் எய்திய தீர்த்தங்கரர் அறம் உரைப்பதற்காகத் தேவர்கள் அமைக்கும் பேரவையை, வானிலிருந்து நோக்கினால் தோன்றும் வண்ணம் ஓவியர் தீட்டியுள்ளார். ஆகவே, இத்தகைய ஓவியத்தை வெளியிலிருந்து உள்நோக்கிப் படித்தல் வேண்டும்.

ஆகமங்கள் கூறும் அமைப்பு இதுவாகும். நான்கு திசைகளிலும் மானஸ்தம்பங்கள் நிற்கும். அவற்றைக் கண்ட அளவிலேயே மானம் என்னும் செருக்கு அடங்கும். அதன்பின் சைத்யப் பிராசாத பூமி, நீர் நிறைந்த காதிகா பூமி, கொடிவன பூமி, உபவன பூமி, துவஜ பூமி, கற்பக மர பூமி, பவன பூமி என ஏழு பூமிகளைக் கடந்தால், எட்டாவதாகிய ஸ்ரீமண்டப பூமியை அடையலாம். அங்கே பன்னிரு கோட்டங்களில் முனிவரும், ஆர்யிகையரும், தேவரும், தேவியரும், மாந்தரும் அமர்வர். பன்னிரண்டாம் கோட்டம் விலங்குகளுக்கு உரியது. நடுவே கந்தகுடியில் பகவான் வீற்றிருப்பார். அறம் கேட்கும் உரிமை எல்லா உயிர்க்கும் உண்டு என்னும் உண்மையை இதைவிட எளிதாகக் குழந்தைக்கு உணர்த்த இயலுமோ? வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்திலும் சமவசரண வருணனை உண்டு. நூல் கற்றோர்க்குச் சொல்லியதை ஓவியம் யாவர்க்கும் சொல்லிற்று.

சித்தன்னவாசலும் பருத்திக்குன்றமும்

இவ்வமைப்பை அறிந்தோர்க்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலும் விளங்கும். அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் காணப்படுகிறது. மீனும், அன்னமும், எருமையும், யானையும் அதில் உலாவ, மூவர் மலர் கொய்கின்றனர். மேலே கூறிய எண்வகைப் பூமிகளுள் இரண்டாவதாகிய காதிகா பூமியே இது என்பர் ஆய்வாளர். மலர் கொய்வோர் பவ்விய ஜீவர்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.

காஞ்சி திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்திலோ, தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளை விளக்கும் குறிப்புகளும் உடன் எழுதப்பட்டிருத்தலால், அவை மக்கள் படித்தறிவதற்கென்றே வரையப்பட்டவை என்பது தெளிவு. 1934இல் டி. என். இராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

விளக்கும் புகையும்

இவ்வோவியங்கள் பாறையிலோ சுவரிலோ நேரே எழுதப்பட்டவை அல்ல. முதலில் சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் மென்மையான சுண்ணப் பூச்சு இட்டு, அப்பூச்சின்மீது வண்ணம் தீட்டுவர். செங்காவி, மஞ்சட் காவி, கரி, சுண்ணம் போன்ற எளிய பொருள்களே வண்ணங்கள். நகக்கண் அளவு தடிப்பும் இல்லாத அப்பூச்சுதான் ஓவியத்திற்கு உயிர். அது பெயர்ந்தால் ஓவியமும் உடன் போயிற்று.

திருமலையில் பல பகுதிகள் ஏற்கெனவே சிதைந்துள்ளன. மழைநீர்க் கசிவும் காலமும் செய்வதை நாம் முற்றிலும் தடுக்க இயலாது. கையால் தடவுதல், பெயரைக் கீறுதல், நீர் தெளித்துத் துடைத்தல், பக்தியின் பெயரால் புது வண்ணம் பூசுதல் ஆகியவற்றைத் தடுப்பது நம் கையில் உள்ளது.

ஒன்றை மட்டும் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, திருமலைப் பள்ளிக்கு நந்தாவிளக்கும் திருவமுதும் விளங்கக் காசு அளித்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. விளக்கேற்றுதல் நம் முன்னோர் போற்றிய அறம், அதில் ஐயமில்லை. ஆயின், ஓவியம் உள்ள சிற்றறையில் ஏற்றும் எண்ணெய் விளக்கின் புகை, சுண்ணப் பூச்சின்மீது படிந்து வண்ணத்தை மறைத்துவிடும். ஆகவே விளக்கு திருவுருவத்தின் முன் ஒளிரட்டும்; ஓவிய அறைக்குப் பகலொளியே போதும். சாமுண்டப்பையின் அறமும் ஓவியரின் அறமும் இவ்வாறு ஒருங்கே நிலைபெறும்.

அடுத்த முறை திருமலை செல்லும்போது, பெற்றோர் தம் மக்களை அவ்வட்டத்தின் முன் சிறிது நேரம் நிறுத்தி, மானஸ்தம்பம் எதற்கு, பன்னிரு கோட்டங்களில் அமர்வோர் யார் யார் என வினவுவாராக. விடை தெரிந்த குழந்தையின் கை அச்சுவரில் பெயர் கீறாது.

வாழ்க அறம்! வளர்க ஜினநெறி!