எத்தனை முறை வடித்தாலும் போகாத நீர்

கேள்வி: எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் 95 சதவீத எதனோல்தான் இருக்கிறது. உயர்தர மாணவர்களுக்குச் சோடியத்தோடு அதன் தாக்கத்தைக் காட்ட வேண்டும். இரண்டு முறை காய்ச்சி வடித்தும், வெள்ளைச் செப்புச் சல்பேற்று நீலமாகிறது. கல்சியம் குளோரைட்டுப் போடலாமா? சூளைச் சுண்ணாம்பு உதவுமா? மருந்துக்கடை ஸ்பிரிட்டை எடுக்கலாமா?
- ஆசிரியை, கொக்குவில்

பதில்: எத்தனை முறை வடித்தாலும் அந்த நீலம் வரத்தான் செய்யும். தனி எதனோல் 78.4 பாகை செல்சியசில் கொதிக்கிறது. நிறைப்படி 95.6 சதவீத எதனோலும் மீதி நீருமான கலவை 78.2 பாகையிலேயே கொதிக்கிறது. கொதிக்கும் திரவத்திலும் கிளம்பும் ஆவியிலும் நீரின் பங்கு ஒன்றாகவே இருப்பதால், வடிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

கல்சியம் குளோரைட்டு வேண்டாம். அது எதனோலையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு நல்ல யோசனை. குடாநாடே சுண்ணக்கல்மேல்தானே இருக்கிறது! ஆனால் நீறாத சுண்ணாம்பாக இருக்க வேண்டும். நீறிய தூள் இனி நீரை எடுக்காது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சிறு கட்டியில் சில துளி நீர் விடுங்கள். அது சுட்டு, வெடித்து, ஆவி கிளம்பினால் உதவும். உங்கள் எதனோல் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ மூன்றரைக் கிராம் நீர் இருக்கும். கணக்குப்படி 11 கிராம் சுண்ணாம்பு போதும். நான் 25 கிராம் போடுவேன். நிமிர்த்திய ஒடுக்கியோடு, ஆவி திரும்பக் குடுவைக்குள்ளேயே வழியும்படி நாலைந்து மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு வடித்தெடுங்கள். மின்னடுப்பில் வைத்த நீர்த்தொட்டியில்தான் சூடாக்க வேண்டும். எதனோல் ஆவி நம் ஊர் அறை வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும். பன்சன் சுடர் பக்கத்திலும் கூடாது.

இருந்தாலும், பாடசாலைக்கு நான் சொல்வது மூன்று அங்ஸ்ட்ரோம் மூலக்கூற்றுச் சல்லடை. சிறு மணிகளாக வரும். அவற்றின் நுண்துளைக்குள் நீர் மூலக்கூறு நுழையும், எதனோல் நுழையாது. தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை அது பிடிக்கும் என்பதால், 100 மில்லிலீற்றருக்கு 40 கிராம் போட்டு இரண்டு நாள் மூடிவையுங்கள். சூடும் இல்லை, வடிப்பும் இல்லை. மணிகள் முன்பே 300 பாகையளவில் உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். காற்றில் திறந்து கிடந்தவை ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். அதில் மெதனோல் கலந்திருக்கலாம். சுண்ணாம்போ சல்லடையோ அதை அகற்றாது. மெதனோலும் சோடியத்தோடு ஐதரசன் தருமாகையால் மாணவர் கண்டது எதன் தாக்கம் என்றே தெரியாது.

எசுத்தர் தயாரிப்பதற்கு 95 சதவீதமே போதும். நீரகற்றியதைச் சோடியச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாரி காலத்து ஈரக்காற்றில் திறந்த போத்தல் விரைவில் நீரை இழுக்கும். ஆகவே சோதனைக்கு முந்திய நாள் முடியும்படி சிறிதளவே தயாரியுங்கள். சோடியமும் பயறளவுத் துண்டுக்கு மேல் வேண்டாம்.