முதலையின் வாயை ஒரு கயிற்றால் கட்டிவிடலாமா?

கேள்வி: லீவில் பிள்ளைகளைச் சாத்தனூர் அணை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனோம். ஒரு பெரிய முதலை வாயைப் பிளந்துகொண்டு வெகுநேரம் அசையாமல் கிடந்தது. “அது கடிச்சா எலும்பு நொறுங்கிடும். ஆனா வாயை மூடிக் கட்டிட்டா அதால திறக்கவே முடியாது” என்றார் பக்கத்தில் நின்றவர். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
— வாசகி, வேங்கிக்கால், திருவண்ணாமலை

பதில்: அவர் சொன்ன இரண்டும் உண்மைதான் அம்மா. நீங்கள் பார்த்தது சதுப்புநில முதலை. அடுத்த முறை போகும்போது பல்லைப் பார்க்காதீர்கள். தாடை முடிகிற இடத்தில், கழுத்தின் இருபுறமும் பாருங்கள். பந்தை உள்ளே வைத்துத் தைத்தாற்போல் புடைத்திருக்கும். கொழுப்பு என்று நினைப்பார்கள். அத்தனையும் தசை. அண்ணத்தின் பின்பக்கம் தொடங்கி, கீழ்த்தாடையின் அடியைச் சுற்றி வந்து பற்றியிருக்கும். அது சுருங்கினால் வாய் மூடும்.

திறப்பதற்கு உள்ள தசையோ மண்டையின் பின்னால் ஒரு சிறு பட்டை, அவ்வளவுதான். இரை வரும்வரை மெதுவாகத் திறந்தால் போதும். வந்த பிறகு மூடுவதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. அதனால்தான் முதலையை இடம் மாற்றுபவர்கள் முதலில் வாயைக் கயிற்றாலோ அகலமான டேப்பாலோ கட்டுகிறார்கள். குட்டி என்றால் ரப்பர் பேண்டே போதும். ஆனால் வாய் கட்டியிருந்தாலும் வாலும் தலையும் சும்மா இருக்காது. பெரிய முதலையின் தலை வீச்சு ஒரு ஆளின் காலை உடைத்துவிடும்.

கடியின் அளவையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆய்வாளர் கிரிகரி எரிக்சன் குழுவினர் முதலை இனங்களை ஒவ்வொன்றாகக் கருவியைக் கடிக்கவிட்டு அளந்து, 2012-ல் வெளியிட்டார்கள். உவர்நீர் முதலை ஒன்றின் கடி விசை 16,414 நியூட்டன். சுமார் 1,670 கிலோ. நாம் கடைவாயால் முழுப் பலத்தோடு கடித்தாலும் நூறு கிலோவைத் தொடுவது அபூர்வம். உடல் எடை கூடக் கூடக் கடியும் கூடுகிறது, மூக்கு நீளமா அகலமா என்பது பெரிதல்ல என்றும் அவர்கள் கண்டார்கள்.

இவ்வளவு இருந்தும் முதலைக்கு மெல்லத் தெரியாது. பற்கள் கூம்புகள், குத்திப் பிடிக்கும், அறுக்காது. பெரிய இரையென்றால் பிடித்தபடியே உடம்பைச் சுழற்றிப் பிய்த்தெடுக்கும். பல் விழுந்தால் அடியிலேயே அடுத்தது காத்திருக்கும்.

உங்கள் மகனுக்கு இதையும் சொல்லுங்கள். தாடையின் தோலெங்கும் கடுகுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் ஒரு துளி விழுந்த அதிர்வையும் அறிகிற உணர்வுப் புள்ளிகள் அவை. அதே தாடை மென்மையாகவும் வேலை செய்யும். முட்டைக்குள் குஞ்சு குரல் கொடுத்ததும் தாய் மண்ணைத் தோண்டி, பொரியாத முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டி ஓட்டை உடைத்துவிடும். பிறகு குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். சதுப்புநில முதலையில் தகப்பனும் ஏந்துகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த 1,670 கிலோவைவிட இதுதான் பெரிய அதிசயம்.

வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது கோபத்தால் அல்ல. வெயிலில் கிடக்கும்போது தலைச்சூட்டை அப்படித்தான் தணித்துக்கொள்கிறது. அசையவில்லையே, உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்கப் பலர் கல்லெறிகிறார்கள். அந்தக் கல் படுவது நான் மேலே சொன்ன உணர்வுப் புள்ளிகளின் மீது. பக்கத்தில் யாராவது கல்லைக் கையில் எடுத்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.