கல்லில் உணவு தேடும் உயிர்கள்

பீடோங் அருகே நான் வளர்ந்த தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரில் துவைத்த பள்ளிச் சட்டைகள் சில வாரங்களிலேயே மஞ்சளாகிவிடும். பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். லயத்துக்குப் பின்னாலிருந்த கால்வாயிலும் ஆரஞ்சு நிறக் கசடு, மேலே எண்ணெய்போல மினுமினுப்பு. "எவனோ மண்ணெண்ணெய ஊத்திட்டான்" என்பார் பாட்டி.

பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்கும்போதுதான் விடை கிடைத்தது. அந்த ஏட்டைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெயானால் உடனே ஒன்றுசேரும். கண்ணாடித் துண்டுகளைப்போல உடைந்து நின்றால், அங்கே இரும்பு நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும்.

குனோங் ஜெராய் சுற்றுவட்டாரம் இரும்புத் தாது உள்ள நிலம். கடாரத்து மக்கள் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய சுங்கை பத்துவும் அங்கேதான் இருக்கிறது. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு நிறமின்றி நீரில் கரைகிறது. அந்த நீர் வெளியே ஊறிக் காற்றைத் தொடும் இடத்தில் கேலியோனெல்லா போன்ற நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. அவை கரைந்த இரும்பிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலில், கரியமில வாயுவைக் கொண்டு உடலைக் கட்டுகின்றன. சூரிய ஒளி வேண்டாம். ஆனால் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆகவே நிறைய இரும்பைத் துருவாக்கினால்தான் பிழைக்க முடியும். கசடு அவ்வளவு சேர்வது இதனால்தான்.

இவ்வாறு கனிமப் பொருளிலிருந்து ஆற்றல் பெறும் வாழ்க்கைமுறையை 1880களில் கண்டறிந்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

கால்வாயில் காற்றாவது உண்டு. தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்பு நீரில் அதுவும் இல்லை. ஆயினும் அங்கே ஒரு நுண்ணுயிர் வாழ்வதை 2008இல் அறிவியலாளர்கள் விவரித்தனர். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளந்து ஹைட்ரஜனைத் தருகிறது. அந்த ஹைட்ரஜனும் நீரில் கரைந்த சல்பேட்டும் வினைபுரிவதில் கிடைக்கும் ஆற்றலே அதற்குச் சோறு. செவ்வாயின் நிலத்தடியிலும் உயிர் இருக்குமோ என்று கேட்கும் துணிவு இத்தகைய கண்டுபிடிப்புகளால் வந்தது.

அம்மா கிணற்று நீரைப் பீப்பாயில் இரவு முழுக்க வைத்து, துரு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் மொண்டு எடுப்பார். காற்றுப்பட்டால் இரும்பு துருவாகிப் பிரியும் என்பதை அவர் படித்ததில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டவர். நண்பர்களே, விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும்போது அந்தக் கால்வாயருகே சற்றுக் குனிந்து பாருங்கள். என் சட்டையின் மஞ்சளுக்காக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.